வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை

பத்திரப் பதிவுக்கு எங்களுக்குக் கிடைத்த டோக்கன் வெள்ளிக்கிழமை பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்குள். சுத்தமான ராகு காலம். அந்த வாரம் முழுக்க எல்லா நேரக் கட்டமும் நிரம்பிக் கிடக்க, வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மட்டும் வரிசையாகக் காலி. ஊரே பயந்து ஒதுக்கி வைத்த நேரம். "நமக்குன்னே விட்டு வச்சிருக்காங்க" என்று செழியனிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே எடுத்தேன். செழியன் என் கணவர், கணக்கு வாத்தியார். அவருக்கும் நாள் கிழமையில் நம்பிக்கை கிடையாது.

நான் தஞ்சாவூரில் பதினாறு வருஷமாக நர்ஸ். மனிதர்கள் பிறப்பதையும் சாவதையும் எல்லாக் கிழமையிலும் எல்லா மணியிலும் பார்த்தவள். ராகு காலத்தில் பிறந்த பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலத்தான் அழும், மற்ற பிள்ளைகளைப் போலத்தான் பால் குடிக்கும். யாராவது நேரம் காலம் என்று ஆரம்பித்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

வாங்கப்போவது மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். திருவையாறுக்குக் கிழக்கே, குடமுருட்டி பாயும் எங்கள் ஊரில். அந்த நிலத்தில் என் அப்பா சாமிதுரை முப்பது வருஷத்துக்கு மேல் வரப்பு வெட்டி, அண்டை கழித்து, அறுப்பு அறுத்தவர். அம்மா காத்தாயி பதினோரு வயதிலிருந்து அங்கே நாற்றுப் பறித்து நடவு நட்டவள். நிலம் துரைராசு வீட்டாருடையது. அவர் போன பிறகு மகன் ராஜராஜன் பெயருக்கு வந்தது. ராஜராஜன் சிங்கப்பூரில் வேலை. விற்கப் போகிறார் என்று தெரிந்ததும் நான் போய்க் கேட்டேன். கொடுக்கிறேன் என்றார். அவருடைய பங்காளிகள் முறைத்தார்கள். வேற்றாளுக்கு ஏன், அதுவும் அந்தத் தெருவுக்கு ஏன் என்று கடைத்தெருவில் பேச்சு நடந்தது என் காதுக்கும் வந்தது. பதிவு நாளான வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சியிலிருந்து அவருக்கு விமானம். திரும்ப இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் பங்காளிகள் பேசியே அவர் மனத்தைக் கரைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பத்திரம் அம்மா பெயரில். அது என் பிடிவாதம். அப்பா உயிரோடு இருந்தால் அவர் பெயரில் எழுதியிருப்பேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அம்மா ஒரு மாதமாகக் கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருவிளக்கடியில் நடந்த வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்டவள். அதற்குப் பிறகு ரேஷன் கடையானாலும் நூறு நாள் வேலையானாலும் மைப்பெட்டியை நீட்டினால் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்குவாள். காலண்டரில் தினமும் கிழிக்கும் தாளைப் போடாமல் எடுத்து வைத்து, பின்பக்கத்தில் 'சா. காத்தாயி' என்று எழுதி எழுதிப் பார்ப்பாள். "பத்திரத்துல எழுதறது அழியாதுல்ல. கோணலா இருந்தா காலத்துக்கும் கோணல்தானே" என்பாள்.

அன்று காலை நடந்தவற்றை நான் அப்புறம் பல தடவை அடுக்கிப் பார்த்துவிட்டேன். ஆறு மணி இருக்கும். வாசல் பக்கம் ஏதோ இடிக்கிற சத்தம் கேட்டது. அம்மா சுக்கு இடிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். எழுந்து வந்தபோது எனக்குக் கிடைத்தது வெறும் காப்பிதான், சுக்கு காப்பி இல்லை. கூடத்துச் சுவரில் எப்போதும் தொங்கும் தினசரிக் காலண்டர் ஃப்ரிட்ஜின் மேல் படுத்துக் கிடந்தது. விழுந்திருக்கும், அம்மா எடுத்து வைத்திருப்பாள் என்று அதையும் விட்டுவிட்டேன். செழியன் பைக்கில் எட்டரைக்கே பத்திர ஆபீசுக்குக் கிளம்பிப் போனார்.

நான் காரை எடுக்கும்போது அம்மா, "பாப்பா வேணாம் மலரு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடு" என்றாள். பாப்பா என்றால் என் மகள் இதழினி, ஏழு வயது.

"அம்மாயி பேருக்கு நெலம் எழுதறத அவ பாக்க வேணாமா? லீவு சொல்லியாச்சு" என்றேன்.

"வந்து பாத்துக்கலாம், நெலம் எங்கயும் போயிடாது."

"ஏம்மா இன்னிக்கு எதுக்கெடுத்தாலும் வேணாம் வேணாங்கற?"

அம்மா காரைச் சுற்றி வந்து, ஒரு நிமிஷம் குனிந்து எதையோ பார்த்துவிட்டு, பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். செருப்பைச் சரி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். ஏறியதும் இதழினியை ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்த்தி மடியில் வைத்து இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தேன். உதடு ஓயாமல் முணுமுணுத்தபடி இருந்தது. மணி பத்தே கால். ராகு காலம் ஆரம்பிக்கப் போகிறதே என்ற பயம் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆற்றங்கரை ரோடு குறுகல். ஆவணி மாதம், குடமுருட்டியில் கரை தொட்டுத் தண்ணீர். குறுவை அறுப்பு முடிந்து, ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்று ரோட்டின் இடது பாதி முழுக்க நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். எதிரே வண்டி வராதவரை எல்லாரும் வலது பாதியில், ஆற்றை ஒட்டித்தான் ஓட்ட வேண்டும். எனக்குப் பழகின ரோடு. நேரமாகிறதே என்று அறுபதில் போனேன்.

"மெதுவா போ மலரு."

"மெதுவாத்தாம்மா போறேன்."

"இன்னும் மெதுவா."

ஸ்டியரிங் கொஞ்சம் கனத்தது. வலது பக்கம் இழுக்கிறது போல இருந்தது. ரோட்டுச் சரிவு என்று விட்டுவிட்டேன். அடுத்த வளைவு திரும்புவதற்குள் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். வண்டியின் முன்பக்கம் வலது மூலையில் அப்படியே உட்கார்ந்தது. இரும்பு தாரில் உரசும் ஓசை காதைக் கிழித்தது. வண்டி ஆற்றைப் பார்த்துத் திரும்பியது.

அந்த இடத்தில் தடுப்புச் சுவர் இல்லை. நாணல் புதர், அதற்கப்பால் தண்ணீர். நாணலின் நுனிகள் கண்ணாடியில் அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்ன செய்தேன் என்பது நினைவில்லை. கை தானாக இடது பக்கம் ஒடித்திருக்கிறது. வண்டி ரோட்டைக் குறுக்கே கடந்து, காய்ந்த நெல்லின் மேல் வழுக்கி, படுதா போட்டு மூடிக் குவித்து வைத்திருந்த ஒரு நெல் அம்பாரத்தில் மூக்கைச் செருகி நின்றது.

சத்தம் எல்லாம் நின்ற பிறகு இதழினி, "அம்மா, நம்ம ஆத்துக்குள்ள போயிருந்தா நனைஞ்சிருப்போம்ல?" என்று கேட்டாள்.

எத்தனையோ விபத்துக் கேஸ்களில் ரத்தத்துக்கு நடுவே ஊசி குத்திய கை என்னுடையது. அன்று கதவைத் திறக்கும் பிடியை அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது முயற்சியில்தான் திறந்தது. பின் கதவைத் திறந்து பிள்ளையை வாங்கி, தலை, கழுத்து, கை, கால் என்று வார்டில் பார்ப்பது போலத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் இடுப்பில் அம்மாவின் பத்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அம்மா மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. காலி மடியில் கைகளை விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நெல்லுக்குக் காவல் இருந்த ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். இதழினியைப் பார்த்ததும் கத்தலை நிறுத்திவிட்டு, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்தாள். பக்கத்து மதகுச் சுவரில் பஞ்சர் ஒட்டுகிறவரின் பெயரும் நம்பரும் சுண்ணாம்பில் எழுதியிருந்தன. போன் பண்ணினேன். பத்து நிமிஷத்தில் ஒரு மொபெட்டில் காற்றுப் பம்பும் ஜாக்கியும் கட்டிக்கொண்டு அப்துல் அஜீஸ் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் டயரைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தார். "புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே? அது போதும். மத்தது இரும்பு, ரப்பர்தான்" என்றார்.

மணி பத்து ஐம்பது. ஸ்டெப்னியில் காற்று இருந்தது. அரை மணியில் ஓடிவிடலாம் என்றார். செழியனுக்குப் போன் பண்ணி, பஞ்சர், யாருக்கும் ஒன்றுமில்லை, வந்துகொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

அஜீஸ் சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்து, துணியால் துடைத்து, விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"வண்டிய நேத்து எங்கம்மா நிறுத்தியிருந்தீங்க?"

"வீட்டு வாசல்ல. ஏன் பாய்?"

"ரோட்டுல கெடக்கற ஆணி டயரோட அடியிலதான் ஏறும். இங்க பாருங்க, இது பக்கவாட்டுல இருக்கு. தானா இங்க ஏறவே ஏறாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தலையில கல்லு பட்ட தழும்பு இருக்கு. இது ஏறுன ஆணி இல்லம்மா. அடிச்ச ஆணி."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது.

"அடிச்சிருந்தா காலைலயே காத்து போயிருக்கணுமே?"

"ட்யூப் இருந்தாப் போயிருக்கும். இது ட்யூப்லெஸ். குத்துன ஆணியே ஓட்டைய அடைச்சுக்கிட்டு நிக்கும். புடுங்குனாத்தான் காத்து போவும். ஆனா அடியில குத்துனாத்தான் அந்தப் பேச்சு. பக்கவாட்டு ரப்பரு ஓட ஓட வளையும். வளைஞ்சு வளைஞ்சு கிழிஞ்சு, ஒரேயடியா விட்டுருச்சு."

வயிற்றில் கத்தியோடு வருகிறவரிடம் கத்தியைப் பிடுங்காதே என்று நாங்களும் சொல்வோம். அதனால் அவர் சொன்னது எனக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கியதும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரோ நின்று நிதானமாக, என் வீட்டு வாசலில் வைத்து, என் பிள்ளை ஏறப்போகிற வண்டியில் ஆணி அடித்திருக்கிறான். எதற்கென்று கேட்கவே வேண்டாம். இன்றைக்கு நாங்கள் பத்திர ஆபீசுக்குப் போய்ச் சேரக்கூடாது. கடைத்தெருவில் பேசினவர்கள் முகமெல்லாம் வரிசையாக வந்தன. யோசிக்காமல் ராஜராஜனுக்குப் போன் போட்டேன்.

"மலரா? எங்க இருக்கீங்க? செழியன் சார் வந்துட்டாரு."

"ஆத்தங்கரையில இருக்கோம். ஆத்துக்குள்ள இருந்திருக்கணும். உங்க பங்காளிங்க டயருல ஆணி அடிச்சு வச்சிருக்காங்க. எம்புள்ள வண்டியில இருக்கா."

"என்ன சொல்றீங்க?"

"எங்க தெருவுக்கு நெலம் வரக்கூடாதுன்னா நேரா சொல்லுங்க. குடுக்கறேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு பின்னாடி இந்த வேலை எதுக்கு? உங்க அப்பா காலத்துல அடிச்சது பத்தாதா? நான் நேரா போலீசுக்குத்தான் போகப் போறேன்."

"நான் விடியக்காலம் எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு, எட்டு மணிலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. திரும்பினேன். அம்மா காரிலிருந்து இறங்கி என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் பேசியது முழுவதையும் கேட்டிருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்து, "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அஜீஸ் குறடால் ஆணியைப் பிடித்து, ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தார். "போலீசுக்குப் போறதுன்னா இத வச்சுக்கங்க" என்று என் உள்ளங்கையில் வைத்தார்.

இரண்டரை அங்குல ஆணி. கழுத்துப் பக்கம் லேசான வளைவு. தலைக்குக் கீழே, கருத்த ரப்பர்த் தூளுக்கு நடுவில், வெளிர் நீலத்தில் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கட்டை விரலால் துடைத்தேன். நீலம் போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு அப்பாதான் கூடத்துக்கு நீலம் அடித்தார். ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். "அது கெடக்கட்டும், புடுங்குனா செவுரு பேந்துக்கும்" என்று ஆணியோடு சேர்த்தே பூசிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் புதுக் காலண்டர் அந்த நீல ஆணியில்தான் ஏறும்.

ஃப்ரிட்ஜின் மேல் படுத்துக் கிடந்த காலண்டர். வாசலில் கேட்ட சத்தம். வராத சுக்கு காப்பி.

இதுவாக இருக்கக்கூடாது என்று மனது எதையெல்லாமோ தேடியது. வேறு யாரோ வீட்டுக்குள் வந்து எடுத்திருக்கலாம், அதே நீலத்தில் வேறு வீடு இருக்கலாம். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயாம்மா?"

"அந்தப் புள்ளைய ஏன் திட்டுன? அது என்ன பண்ணுச்சு?" என்றாள் அம்மா. ராஜராஜனைத்தான் சொன்னாள்.

"நீயான்னு கேட்டேன்."

"நாந்தான்."

அஜீஸ் குறடைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டெப்னியை எடுக்கிற சாக்கில் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

"ஒரு மணி நேரம் வண்டி நிக்கட்டும்னு நெனச்சேன். பஞ்சர் ஒட்டிக் கெளம்ப ஒரு மணி நேரம் ஆவும்ல? பன்னெண்டு தாண்டிடும். உங்கப்பா சைக்கிள்ல முள்ளு குத்துனா உடனே புஸ்ஸுன்னு போயிரும். அந்த மாதிரி போவும், வாசல்லயே நின்னுடும்னுதான் அடிச்சேன். கொழவியால நாலு அடி அடிச்சுட்டுக் காதை வச்சுக் கேட்டேன். சத்தமே இல்ல. காத்து போவல. சரி, ஆணி எறங்கல போலன்னு விட்டுட்டேன். நீ வண்டிய எடுக்கறப்பவும் பாத்தேன், டயரு கல்லாட்டம் நிக்குது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா?"

நான் ஆணியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"போன தடவ வாயால சொன்னேன் மலரு. உங்கப்பாவ ஆபரேசனுக்கு உள்ள கொண்டுபோறப்ப. புதன்கிழமை, பன்னெண்டரை. ஒரு மணி நேரம் தள்ளிக் கொண்டுபோகச் சொல்லுடி, உன் ஆசுபத்திரிதானடின்னு உன் கையப் புடிச்சேன். அத்தன நர்சுப் புள்ளைங்க முன்னாடி நீ சிரிச்ச. மூணாம் நாளு அவரு வெறும் ஒடம்பா வந்தாரு." அவள் அழவில்லை. யாரோ ஒருவருக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். "அதான் இந்தத் தடவ வாயால சொல்லல."

அப்பாவின் இதயம் எவ்வளவு பழுதாகியிருந்தது என்பது எனக்குத் தெரியும். எந்த மணியில் உள்ளே போயிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். ரிப்போர்ட்டைப் பிரித்து அவளுக்குப் பத்து தடவை விளக்கியிருக்கிறேன். நான் சிரித்ததை மட்டும் மறந்துவிட்டேன். அவள் அதை மட்டும் இரண்டு வருஷமாக வைத்திருந்திருக்கிறாள்.

"பாப்பா வேணாம்னு சொன்னேன்ல. எறங்கலன்னு நெனச்சாலும் மனசு அடிச்சுக்கிச்சு. நீ கேக்கல" என்றாள். பிறகு, "எம்புள்ளய நானே ஆத்துல தள்ளப் பாத்தேனே" என்று அந்த நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளைத் தூக்கிவிட எனக்குத் தோன்றவில்லை. இது உண்மை. அம்மா என்று இரக்கம் வரவில்லை. நாணல் நுனி கண்ணாடியில் அடித்ததே கண்ணுக்குள் நின்றது. கோபப்படக்கூடத் தெம்பில்லாமல், ஆணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நின்றேன். காவல் இருந்த பெண்தான் அம்மாவைக் கைகொடுத்து எழுப்பினாள்.

ஸ்டெப்னி மாட்டி முடித்தபோது பதினொன்று இருபத்தைந்து. செழியன் போன் பண்ணினார். "இன்னும் கூப்பிடல. ஆனா ராஜராஜன் உன்கிட்ட பேசினதும் ஒரு மாதிரி எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. என்ன சொன்ன அவர்கிட்ட?" என்றார்.

நான் நீட்டிய பணத்தில் பாதியை அஜீஸ் திருப்பிக் கொடுத்தார். என்னைத் தனியாக நிறுத்தி, "பெத்தவங்க. வையாதீங்க. இதுக்கு மேல அவங்களுக்கு என்ன தண்டனை வேணும்" என்றார். நான் தலையாட்டினேன். வையவும் இல்லை, பேசவும் இல்லை. நாற்பதுக்கு மேல் ஒரு இடத்திலும் போகவில்லை. அம்மா இந்த முறை பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. பெல்ட்டைப் போட்டு ஓரமாக உட்கார வைத்துவிட்டு, தான் மறு ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டாள். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். நிலம் போய்விட்டது. டோக்கன் நேரம் தாண்டிவிட்டது. கொடுக்க வந்த மனிதரையும் நான் என் வாயாலேயே துரத்திவிட்டேன். அம்மா அடித்தது வண்டியை நிறுத்தத்தான், நிலத்தை விட்டுவிட அல்ல. அதை முழுசாகக் கெடுத்தது நான்.

பத்திர ஆபீசுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் ராஜராஜன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செழியன். மணி பதினொன்று ஐம்பது. நான் இறங்கி நேரே அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு எப்போதும் கஷ்டம். அன்று கேட்டேன்.

"நான் பேசினது தப்பு. ஆணி எங்க வீட்டு ஆணி. அம்மாதான் அடிச்சது. ராகு காலத்துல எழுதக் கூடாதுன்னு வண்டிய நிறுத்தப் பாத்திருக்கு. உங்க வீட்டு ஆளுங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

செழியன் "என்ன?" என்று எழுந்துவிட்டார். ராஜராஜன் எழவில்லை. கையிலிருந்த டீ டம்ளரைப் பெஞ்சில் வைக்கப் போய், விளிம்பில் வைத்து, அது கீழே விழுந்து உடைந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"ராகு காலத்துக்கா?" என்றார்.

"ஆமா."

"மலர், நான் நேத்தே பத்திரம் எழுதறவர்கிட்ட சொல்லிட்டேங்க. பன்னெண்டு மணிக்கு மேலதான் பேப்பரை உள்ள குடுக்கணும்னு. எங்கம்மா ஒத்துக்கவே இல்ல. ராகு காலத்துல கையெழுத்துப் போட்டா குடுக்கறவனுக்கும் ஆகாது, வாங்கறவங்களுக்கும் ஆகாது, அந்தக் காத்தாயி பாவம்னாங்க. டோக்கன் நேரம் தாண்டுனா கடைசியில கூப்பிடுவாங்களாம், விசாரிச்சுட்டேன். உங்ககிட்ட சொல்லல. நீங்க அந்த நேரத்தை எடுத்துட்டுச் சிரிச்சீங்களே, சொன்னா என்னையும் சிரிப்பீங்கன்னுதான் சொல்லல."

அம்மா எனக்குப் பின்னால் இதழினியோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டது அவளுக்கு.

யாருமே பதினொரு மணிக்கு எழுதப் போவதில்லை. இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் சொல்லாததற்கு ஒரே காரணம். ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் அந்த ஆணி சுவரிலேயே இருந்திருக்கும். அம்மா இரண்டு முறை, "அப்ப வேணாமே, அடிச்சிருக்கவே வேணாமே" என்றாள். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

பன்னிரண்டு இருபதுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். ராஜராஜன் கையெழுத்துப் போட்டார். அடுத்து, "வாங்கறவங்க வாங்க" என்று ஆபீஸ் ஊழியர் ஒருவர் தாளை நகர்த்தி, போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். ராஜராஜன் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அம்மாவுக்கு இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே பேனாவை வாங்கினாள். முனை தாளைத் தொட்டதும் தடதடவென்று ஆடியது. எடுத்துவிட்டாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தாள். அப்படியும் ஆடியது.

"பரவால்லம்மா, மெதுவா போடுங்க" என்றார் ஊழியர்.

ஒரு மாதம் காலண்டர் தாளில் எழுதி எழுதிப் பார்த்தவள் பேனாவை மேசையில் வைத்தாள்.

"கை நிக்கல சார். நான் ரேகையே வச்சுடறேன்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையைப் பிடித்து, கொஞ்சம் மூச்சு விடும்மா, அப்புறம் எழுதலாம் என்று சொல்லியிருக்கலாம். நோயாளிகளுக்குத் தினமும் செய்கிறேன். எனக்கு அவள் மேலிருந்த கோபம் அந்த நிமிஷம் வரை போகவில்லை. என் மேலிருந்ததும் போகவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். ஊழியர் மைப்பெட்டியைத் திறந்து, அம்மாவின் இடது கட்டை விரலைப் பிடித்து உருட்டி, புள்ளி வைத்த இடத்தில் அழுத்தினார். பக்கத்தில் 'காத்தாயி, இடது பெருவிரல் ரேகை' என்று எழுதிக்கொண்டார். மூன்று மா நிலம் அம்மாவுடையதாகிவிட்டது.

வெளியே வந்ததும் இதழினி, "அம்மாயி, இனி அது உன்னோட வயலா?" என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொள்ள ஓடினாள். அம்மா சட்டென்று ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"கையில மை இருக்குடி. நீ அம்மாகிட்ட போ."

மை ஒரு விரலில்தான் இருந்தது. இரண்டு கையையும் அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.